திரை இருண்டால் கணினி இறந்துவிட்டதா?

இந்த முறை பழைய புதுச்சேரிக் கதை எதுவும் இல்லை. என் மேசைமேல் இருக்கும் பழைய கணினியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எனக்குக் கணினி தெரியாது, இதெல்லாம் பேரப்பிள்ளைகள் விஷயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். நான் சொல்ல வருவது நம் வயதுக்காரர்களுக்குத்தான்.

2010இல் வாங்கிய கணினி அது. விண்டோஸ் 7, இரண்டு ஜிபி நினைவகம், 17 அங்குலத் திரை. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டதால் அதை நான் இணையத்தில் சேர்ப்பதில்லை. வங்கி வேலை எதையும் அதில் செய்வதும் இல்லை. கடிதம் அடிப்பதற்கும், காகிதங்களை ஸ்கேன் செய்து வைப்பதற்கும், அச்செடுப்பதற்கும் மட்டும் பயன்படுத்துகிறேன். என் பள்ளிப்படிப்பு பிரெஞ்சில். அதனால் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வாங்குபவர்கள், குறிப்பாகச் சொல்தாக்களின் விதவைகள், கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். படித்துச் சொல்லி, பதில் அடித்துக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை. குமாஸ்தாவாக முப்பத்தைந்து ஆண்டு இருந்தவனுக்குக் கோப்பு இல்லாமல் இருக்க முடிவதில்லை, அவ்வளவுதான்.

சென்ற அக்டோபரில் ஒரு நாள் நல்ல மழை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. மறுநாள் காலையில் கணினியைப் போட்டால் உள்ளே விசிறி சுற்றுகிறது, சிவப்பு விளக்கு மினுக்குகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. சிலேட்டைத் துடைத்து வைத்ததுபோல் கறுப்பு.

அன்று மாலையே எண்பத்தாறு வயது அக்கா ஒருவர் வந்தார். அவர் கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்து இந்தோசீனாவரை போய்வந்தவர், காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அக்காவுக்கு ஒவ்வோர் ஆண்டும் 'செர்த்திஃபிகா தெ வீ', அதாவது உயிருடன் இருக்கிறார் என்னும் சான்று, கேட்டு வரும். இந்த முறை அதோடு இன்னொரு கேள்வியும் வந்திருந்தது. அவர் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் பழைய பிரெஞ்சுப் பதிவில் வேறு மாதிரியும் இருக்கிறதாம், இருவரும் ஒருவரே என்று காட்ட வேண்டுமாம். புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. நம் பெயர்களைப் பிரெஞ்சுக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதினார், பிறகு வந்தவர் ஆங்கில எழுத்தில் தன் கைக்கு வந்தபடி எழுதினார். இரண்டு ஆண்டுக்கு முன் இதே கேள்விக்கு நான் பதில் அடித்து அனுப்பியிருந்தேன். அந்தக் கடிதமும், அவருடைய 'லிவ்ரே தெ ஃபமீய்' என்னும் குடும்பப் புத்தகத்தின் ஸ்கேனும் அந்தக் கணினிக்குள்ளேதான் இருந்தன. மூலப் புத்தகமோ மழைத்தண்ணீரில் ஊறிப் பாதிப் பக்கம் மை கரைந்து போய்விட்டது.

“தம்பி, இந்த மாதக் கடைசிக்குள்ள அனுப்பணுமாம். இல்லாட்டி பணத்தை நிறுத்திடுவாங்களா?” என்றார்.

“பார்த்துக்கலாம் அக்கா” என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு உள்ளே உதறல். வேறெங்கும் நகல் எடுத்து வைக்காதது என் தப்பு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

மறுநாள் ஒரு கடையிலிருந்து பையன் ஒருவன் வந்தான். பொத்தானை அழுத்தினான், திரையைப் பார்த்தான், கேபிளை ஒருமுறை ஆட்டினான். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

“போர்டு போயிடுச்சு சார். இந்த மாடலுக்கு இப்ப போர்டே கிடைக்காது. எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புதுசு எடுத்துக்குங்க. இந்தப் பழசுக்கு ஆயிரத்து ஐந்நூறு கழிச்சுக்கிறோம்.”

“உள்ளே இருக்கிற கோப்பெல்லாம்?”

“டெட் ஆயிடுச்சே சார்” என்றான்.

இரவு மகன் தொலைபேசியில் பேசினான். அவனும் அதையேதான் சொன்னான். “எத்தனை வருஷம்ப்பா அதைக் கட்டிக்கிட்டு அழுவீங்க? தூக்கிப் போடுங்க, நான் ஒரு லேப்டாப் வாங்கித் தர்றேன்.” அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் இரண்டு பேருமே அது இறந்துவிட்டது என்று முடிவுகட்டிய பிறகு பேசினார்கள். இறந்துவிட்டதற்கு என்ன சான்று என்று நான் கேட்டால் இரண்டு பேரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: திரையில் ஒன்றும் தெரியவில்லை.

எனக்குப் பள்ளியின் கடைசி ஆண்டில் தத்துவ வகுப்பு இருந்தது. தெக்கார்த் 1637இல் வெளியிட்ட நூலில் தன் மனத்துக்கு நான்கு விதிகள் வகுத்துக்கொண்டார். தெளிவாகத் தெரியாத எதையும் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதே. சிக்கலைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரி. எளிதானதிலிருந்து தொடங்கிக் கடினமானதற்குப் போ. எதையும் விட்டுவிடவில்லை என்று உறுதியாகும்வரை கணக்கெடு. பதினேழு வயதில் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். பயன்பட்டது எழுபத்து நான்கு வயதில், இருண்ட திரை ஒன்றின் முன்னால்.

ஒரு தாள் எடுத்துக் கோப்பில் குறிப்பு எழுதுவதுபோல் எண் போட்டு எழுத ஆரம்பித்தேன்.

ஒன்று. விசிறி சுற்றுகிறது. அப்படியானால் மின்சாரம் உள்ளே போகிறது.

இரண்டு. இரவில் தெரு ஓசை அடங்கிய பிறகு கணினியைப் போட்டேன். பெட்டிக்குள்ளிருந்து சின்னதாக ஒரே ஒரு 'பீப்' கேட்டது. பகலில் அது காதில் விழவில்லை. பொதுவாக ஒரு குறுகிய பீப் என்றால், தொடக்கப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்று பொருள். நினைவகத்திலோ திரைக்குப் படம் அனுப்பும் பகுதியிலோ பழுதிருந்தால் கணினி வேறு மாதிரிக் கூவும். பல பழைய போர்டுகளில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறுகிய பீப்பும் வந்தால் படம் அனுப்பும் பகுதியில் கோளாறு. போர்டுக்குப் போர்டு இந்தக் கணக்கு மாறும், கையேட்டில் இருக்கும்.

மூன்று. இரண்டு நிமிடம் பொறுத்து விசைப்பலகையில் நம் லாக் விசையை அழுத்தினேன். அதன் விளக்கு அணைந்தது, மறுபடி அழுத்தினால் எரிந்தது. கூப்பிட்டால் பதில் சொல்கிறது.

நான்கு. பையன் வந்தபோது ஒலிபெருக்கியைப் போடவே இல்லை. நான் அதைப் போட்டுவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினேன். சற்று நேரத்தில் விண்டோஸின் அந்தப் பழகிய இசை ஒலித்தது. என் மகிழ்ச்சியை என்னென்று சொல்வது! போர்டு போய்விட்டது என்று சொல்லப்பட்ட கணினி முழுவதுமாக எழுந்து உட்கார்ந்திருக்கிறது. முகம் மட்டும் தெரியவில்லை.

ஐந்து. திரையின் அடியில் உள்ள விளக்கு பச்சையாக நின்று எரிந்தது. கேபிளைக் கழற்றினேன், கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக மாறியது. மாட்டினேன், பச்சை. ஆகவே கணினியிலிருந்து படம் வருகிறது என்பது திரைக்குத் தெரிகிறது. அதைக் காட்டத்தான் முடியவில்லை.

ஆறு. பக்கத்து வீட்டில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் இந்தத் தாளைக் காட்டினேன். “தாத்தா, அறை விளக்கை அணைச்சிட்டு திரையில சாய்வா டார்ச் அடிச்சுப் பாருங்க” என்றாள். அந்தக் காலத்துத் தட்டைத் திரையில் படம் தானாக ஒளிர்வதில்லை. பின்னால் குழல் விளக்குபோல் மெல்லிய விளக்குகள் இருக்கும், அவை எரிந்தால்தான் படம் கண்ணுக்குத் தெரியும். விளக்கு மட்டும் அணைந்திருந்தால் படம் அங்கேயே இருக்கும், நமக்குத்தான் தெரியாது. டார்ச்சைச் சாய்த்து அடித்தேன். ஓரத்தில் மிக மங்கலாக ஏதோ தெரிந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தால் அது குப்பைத்தொட்டிப் படம்! கணினியைக் குப்பையில் போடு என்றவர்களுக்கு அதுவே பதில் சொன்னதுபோல் இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஏழு. அந்தப் பெண் வீட்டுத் திரையை இரவல் வாங்கி என் பெட்டியோடு சேர்த்தோம். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. என் திரையை அவள் கணினியில் சேர்த்தோம். அங்கேயும் இருட்டு. இப்படி இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அன்று இரவே அக்காவின் கடிதத்தை எடுத்தேன். தேதியை மாற்றி, குடும்பப் புத்தகத்தின் பக்கங்களை அச்செடுத்து உறையில் போட்டுவிட்டேன். உடனே மொத்தக் கோப்புகளையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தேன். ஒன்று என் பீரோவில், இன்னொன்று பக்கத்து வீட்டில்.

திரையைப் பழைய தொலைக்காட்சி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவருக்கும் அறுபது வயதிருக்கும். பின்பக்கத்தைத் திறந்தவுடனே, “ஐயா, இங்க பாருங்க” என்று காட்டினார். சின்ன டப்பாக்கள்போல் இருக்கும் கெப்பாசிட்டர்களில் இரண்டின் தலை உப்பியிருந்தது. அவை தேய்ந்தால் பின்விளக்குக்குப் போகும் மின்சாரம் சீராக இருக்காது, விளக்கு எரியாது. இரண்டையும் மாற்றினார். கூலியோடு முந்நூற்றைம்பது ரூபாய். இந்தக் கட்டுரையை அந்தத் திரையைப் பார்த்துத்தான் அடிக்கிறேன்.

இனி என் கருத்து.

முதலாவது, ஒரே ஓர் அடையாளத்தை வைத்து எதையும் முடிந்தது என்று எழுதக்கூடாது. நம் ஓய்வூதியக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தது. விரலை வைத்தால் போதும், உயிருடன் இருப்பதற்குச் சான்று கிடைத்துவிடும் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தது. ஒரு கவுன்ட்டரில் நான்கு தடவை விரலை வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. அங்கே இருந்தவர் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டு, “வரல, நாளைக்கு வாங்க” என்றாராம். எதிரில் ஆள் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்! முகத்தைப் பார்த்தே சான்று தரும் முறை 2021 நவம்பரில் வந்த பிறகுதான் அவருக்கு நிம்மதி. என் கணினிக்கு நடந்ததும் இதுதான். அது பீப் அடித்தது, விளக்கைப் போட்டது, இசைகூட வாசித்தது. பார்க்க வந்தவர் ஒரே ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதிவிட்டார்.

இரண்டாவது, பழுது பார்க்கும் தொழிலைப் பற்றி. அந்தப் பையனை நான் குறைசொல்ல மாட்டேன். புதியது விற்றால் அவனுக்குக் கமிஷன், பழையதைச் சரிசெய்தால் வெறும் அலைச்சல். அப்படி ஓர் ஏற்பாட்டில் அவனை வைத்தால் அவன் வேறு என்ன சொல்வான்? ஆனால் அந்த ஏற்பாட்டின் விலை நம் தலையில் விழுகிறது. பணம் மட்டும் அல்ல. நான் எக்ஸ்சேஞ்சுக்குச் சம்மதித்திருந்தால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு என் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன். அதில் அக்காவின் குடும்பப் புத்தகமும், பத்துப் பதினைந்து பேருடைய ஆதார், ஓய்வூதியப் புத்தக நகல்களும் இருந்தன. அவர்கள் என்னை நம்பிக் கொடுத்தவை. திரை இருண்டிருந்தாலும் அந்தக் காகிதங்கள் எல்லாம் உள்ளே முழுதாக இருந்தன, எடுத்துப் பார்ப்பவன் யாராக இருந்தாலும் தெரியும். ஒருவேளை போர்டே போயிருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி, ஒரு சின்ன இணைப்பு வைத்து வேறு கணினியில் படிக்கலாம். ஆகவே பழைய கணினியைக் கொடுக்கும் நிலை வந்தால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் கொடுங்கள்.

குப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பின்விளக்குக் குழல்களில் கொஞ்சம் பாதரசம் உண்டு. பழைய போர்டுகளின் பற்றவைப்பில் ஈயம் உண்டு. மின்னணுக் கழிவுக்கென்று 2022இல் புதிய விதிகள் வந்து, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. விதி இருந்தும் நாம் தெருமுனைத் தொட்டியில் போட்டால் என்ன பயன்? முந்நூற்றைம்பது ரூபாயில் ஒரு திரை இன்னும் ஐந்து ஆண்டு ஓடினால் அத்தனை கழிவு குறைவு.

மூன்றாவது, இதுதான் எனக்கு முக்கியம், நம்மைப் பற்றி. “எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா” என்பது நமக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. தெரியாது என்று சொல்லி எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறோம். பிறகு, நம்மை யாரும் கேட்பதில்லை என்று வருத்தப்படுகிறோம். நான் மேலே செய்ததில் கணினிப் படிப்பு எங்கே இருக்கிறது? காது கொடுத்துக் கேட்டேன், விளக்கின் நிறத்தைப் பார்த்தேன், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன், தாளில் எழுதி வைத்தேன். கணக்கு ஒத்துப்போகாதபோது அலுவலகத்தில் நாம் செய்த வேலைதானே இது? டார்ச் யோசனை மட்டும் அந்தப் பெண்ணுடையது. அவளும் நான் காட்டிய தாளைப் படித்த பிறகுதான் சொன்னாள்.

எல்லாப் பழையதையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போர்டு உண்மையிலேயே போயிருந்தால் நானும் புதியதுதான் வாங்கியிருப்பேன். இணையத்தில் வங்கி வேலை செய்பவர்கள் ஆதரவு முடிந்த விண்டோஸை வைத்துக்கொண்டு செய்யக்கூடாது, அதற்குப் புதியது வேண்டும். பழையதைக் கைவிடலாம், ஆனால் பார்த்துவிட்டுக் கைவிட வேண்டும்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், நான் பார்த்தவற்றோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையின் விளக்கு மஞ்சளாகவே இருந்தால் படம் வரவில்லை என்று பொருள். அப்போது கேபிளைக் கழற்றி, ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியின் பின்னால் திரைக்கான துளை இரண்டு இருந்தால் மற்றதில் மாட்டிப் பாருங்கள். பிறகும் வரவில்லை என்றால் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு, நினைவகப் பட்டையை எடுத்து, அதன் மஞ்சள் முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு இது அடிக்கடி பலன் தரும். தேதியும் நேரமும் தவறிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் மூன்று வோல்ட் வட்ட பேட்டரியை மாற்றுங்கள், சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். ஆனால் திரையின் பின்பக்கத்தையும், மின்சாரம் பகிரும் பெட்டியையும் மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். அது மெக்கானிக்கின் வேலை.

அக்கா மறுநாள் காலை வந்து கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியதால் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: பெயர் விஷயம் ஏற்கப்பட்டது, ஓய்வூதியம் தொடரும். நான் படித்துச் சொன்னதும், “அப்ப நான் உயிரோட இருக்கேன்னு ஒத்துக்கிட்டாங்களா தம்பி?” என்றார்.

“ஒத்துக்கிட்டாங்க அக்கா” என்றேன். “மெர்சி தம்பி” என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, அடுத்த வருஷத்துக்கும் இந்தப் பெட்டி இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.